கை பார்த்தாச்சா?

...இன்னும் கொஞ்சம், அந்த ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்தால் போதும், இருநூற்று நாற்பது நம்பர் உப்புத்தாள் முடிந்தால் நானூறு, நானூறு முடிந்தால் லேக்கர் பூச்சு, லேக்கர் காய்ந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும், அது முடிந்தால் திங்கள், திங்கள் காலை ஒன்பது மணிக்கு மெடிக்கல்... நஜிமுதீன் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து உப்புத்தாளை நான்காக மடித்தான். மடியில் ஒரு கிதாரின் கழுத்து கிடந்தது. உடம்பு இன்னும் அட்டைப்பெட்டியில் இருந்தது. நாமே பூட்டிக்கொள்ளும்படி பாகம் பாகமாக ஆன்லைனில் வந்த எலெக்ட்ரிக் கிதார். எல்லாவற்றையும் அறுத்துத் துளை போட்டு அனுப்பியவர்கள், கழுத்துக்கு மேலே கம்பியை இறுக்கும் முறுக்காணிகள் உட்காரும் தலையை மட்டும் வடிவம் வெட்டாத பலகையாக விட்டிருந்தார்கள், பிடித்த வடிவத்தில் நீயே வெட்டிக்கொள் என்று. பிடித்த வடிவம் என்று அவனிடம் என்ன இருந்தது? செருப்புப் பெட்டி அட்டையில் பென்சிலால் ஏதோ வரைந்தான், ரம்பத்தால் அறுத்தான், அறுத்து முடித்த பிறகுதான் பார்த்தான், ஒரு பக்கம் கொக்கியாக வளைந்து சுரங்க மெஷினின் பக்கெட் பல் மாதிரியே இருந்தது. எட்டு வருஷமாக அதைத்தானே தேய்க்கிறான். மண்ணைக் கடித்துத் தேய்ந்து வரும் பல்லின் மேல் வெல்டர்கள் இரும்பை நிரப்புவார்கள், இவன் கிரைண்டரால் தேய்த்து பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவான், மறுபடியும் அது போய்க் கடிக்கும், மறுபடியும் தேய்ந்து வரும்... கை தனக்குத் தெரிந்ததை வரைந்திருக்கிறது. மனைவி ஃபௌசியா பார்த்துவிட்டு, ஆட்டுத் தலை மாதிரி இருக்கிறது என்றாள். இருக்கட்டும்.

இடது கை ஆள்காட்டி விரலால் மரத்தின் மேல் ஒரு இழுப்பு இழுத்தான். ஒன்றும் தெரியவில்லை. நடுவிரல், அதுவும் இல்லை. வலது கையில் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது, மற்றவற்றில் ஏதோ கம்பளிக்கு அந்தப் பக்கம் இருந்து தொடுகிற மாதிரி ஒரு மங்கல். வேலை செய்யும் ஷெட்டில் இதற்கு ஒரு பேச்சு உண்டு, கை பார்ப்பது. தேய்த்து முடித்ததும் கையுறையைக் கழற்றி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு இழுப்பு. கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் விரலுக்குத் தப்பாது. காண்ட்ராக்டர் சிங்காரவேல் வாசலில் நின்றபடியே கேட்பார், "இன்னாயா, கை பாத்தாச்சா?" பார்த்தாச்சு என்று இவன் சொன்னால் போதும், அளவுகோலை எடுக்கக்கூட மாட்டார், நேராக வண்டியில் ஏற்றிவிடுவார். கடைசி ஒரு வருஷமாகப் பார்க்காமலேதான் பார்த்தாச்சு என்கிறான். சரியில்லை என்று ஒரு பல்கூடத் திரும்பி வரவில்லை. பூமியைக் கடிக்கிற பல்லுக்கு அரை மில்லிமீட்டர் என்ன தெரியப்போகிறது? விரல் இப்படி ஆனது முதல் முறை எப்போது என்று யோசித்தால், ஒரு மார்கழிக் காலை, வண்டி ஓட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போகும்போது நான்கு விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, குளிர் என்று நினைத்தான், வெயில் ஏறியதும் ரத்தம் திரும்பியது, மறந்துவிட்டான். பிறகு நுனிகள் மரத்தபோது, பழைய கிதார் காய்ப்பு என்று நினைத்தான். எவ்வளவு பெரிய முட்டாள்தனம், வாசித்தே வருஷங்கள் ஆன பிறகு காய்ப்பு எங்கிருந்து வரும்? ஆனால் அப்படி நினைத்துக்கொள்ள நன்றாக இருந்தது. காடாம்புலியூரில், சேத்தியாத்தோப்பில், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த விரல்கள்தானே... அந்தக் கிதார் 'தானே' புயலில் கூரை போனபோது நனைந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, எந்தக் கம்பியை இழுத்தாலும் ஒரே சுருதியில் அழுதது. இந்தப் புதியது எதற்கு? வாசிக்கவா, இல்லை, கம்பியை விரல் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கவா? ஃபௌசியா கேட்டபோது சும்மா ஒரு ஆசை என்றான். ஆசை இருந்ததா என்று இப்போது கேட்டால் அவனுக்குத் தெரியாது.

காலையில் இசக்கிமுத்து வந்திருந்தான். போன வருஷம்வரை இவனைப் போலவே காண்ட்ராக்டில் பக்கத்து மெஷினில் நின்றவன், இப்போது பெர்மனன்ட். விரல் விஷயம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், அவனுக்கும் இடது கை சுண்டுவிரல் மரத்துப்போய்விட்டது. பெர்மனன்ட் ஆகிறவர்கள் லிஸ்டில் உன் பெயர் வந்தாச்சு, இனி மெடிக்கல் ஒன்றுதான், அங்கே விரல் வெளுத்திருப்பதைப் பார்த்தால் மட்டும் டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுவார், ஊசி முனையால் தொடுவார், தொடும்போதெல்லாம் 'ம்' சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் 'அன்ஃபிட்', லிஸ்டிலிருந்து பெயர் அடித்துவிடுவார்கள் என்று ஒரு வாத்தியார் மாதிரி விளக்கினான். கண்ணை முழுசாக மூடாமல் இமைக்குக் கீழே லேசாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், அதுவும் முடியாவிட்டால் தாளம் போடுகிற மாதிரி மூன்று எண்ணிக்கைக்கு ஒரு 'ம்'. "நீ மியூசிக் பார்ட்டிதான லே, தாளம் தப்பாம சொல்லு. மாமியார் குவார்ட்டர்ஸ்ல இன்னும் எத்தன நாளு சோறு திம்ப?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். சிரிக்கிற மாதிரி சொன்னாலும் அது சரிதான். இந்த வீடு சுரங்கத்தில் வேலை செய்யும் மாமியார் பெயரில் இருக்கிறது, மார்ச்சில் அவருக்கு ரிட்டயர்மென்ட், அதற்குப் பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு டவுன்ஷிப்பை விட்டு வெளியே போக வேண்டும், இவன் பெர்மனன்ட் ஆனால் இவன் பெயரிலேயே ஒரு குவார்ட்டர்ஸ். லிஸ்ட் வந்த அன்று ஃபௌசியா எந்தெந்த பிளாக் காலியாக இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். பெர்மனன்ட் ஆன பிறகு வேறு செக்‌ஷன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்கிறான் இசக்கி. அவனே கேட்டு ஆறு மாதம் ஆகிறது, இன்னும் கையில் கிரைண்டர்தான். மறைத்தால் வேலை, வேலை என்றால் இன்னும் இருபத்தைந்து வருஷம் விரலை மரக்கவைத்த அந்தக் கிரைண்டர் அதிர்வு, சொன்னால் வேலையும் இல்லை வீடும் இல்லை... இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தான். பயமாக இருக்க வேண்டும், இல்லையா? உப்புத்தாள் சரசரவென்று போய் வந்துகொண்டிருந்தது.

பிரச்சினை நேற்று சாயங்காலம் நடந்தது. கையால் தேய்த்துச் சலித்துப்போய், பழக்க தோஷத்தில் கிரைண்டரில் உப்புத்தாள் சக்கரத்தை மாட்டித் தலையின் முகப்பில் வைத்துவிட்டான். மரம் என்ன பக்கெட் பல்லா? கருகல் வாசம் வந்த பிறகுதான் எடுத்தான். எங்கோ குழிந்திருக்கிறது, அது நிச்சயம், ஆனால் எங்கே, எவ்வளவு? வெளிறிய மரம், தட்டையான வெளிச்சம், கண் ஏமாற்றியது. லேக்கர் அடித்தால் மறைந்துவிடும் என்று தெரியாதவர்கள் சொல்வார்கள், பளபளப்பு ஏற ஏறக் குழி கண்ணாடியில் பார்த்த மாதிரித் துலங்கும். அதற்கு முன் கண்டுபிடித்து, சுற்றிலும் அதே ஆழத்துக்கு இறக்க வேண்டும். விரலை விட்டுவிட்டு உதட்டை வைத்துப் பார்த்தான், தூள் ஒட்டிக்கொண்டது. கன்னத்தை வைத்து மெதுவாக இழுத்தான், தாடி மயிர் உரசியது, ஒன்றும் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "இன்னா தம்பி, கட்டையக் கொஞ்சிக்கினு கீற? உள்ள பொண்டாட்டி இல்லியா?" என்றாள். இவன் சிரித்தான். முகம் சிரித்தது, அவ்வளவுதான்.

ஃபௌசியா துணிக் கூடையோடு வெளியே வந்தாள். கேட்கலாமா, கேட்டால் என்ன, தச்சன் பொண்டாட்டியைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்ல மாட்டானா... என் கையெல்லாம் தூசி, இதைக் கொஞ்சம் தடவிப் பார், வழுவழுப்பாக இருக்கிறதா என்றான். அவள் கூடையை இறக்கிவைத்து, ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல்கள் முறுக்காணித் துளைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக நடந்தன, போயின, நின்றன, திரும்பி வந்தன. ஒரு பாட்டை முதல் தடவை கேட்கிறவள் மாதிரி தலையைச் சற்றுச் சாய்த்திருந்தாள். இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, தெரிவது என்பது.

"இங்க குழிஞ்சிருக்குங்க," என்றாள். "நீங்க பாக்கலையா?"

பார்த்தேன், எவ்வளவு என்றுதான் தெரியவில்லை என்றான். அவள் கண்ணைத் திறந்தாள். இவனுடைய இடது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை எடுத்து, மரத்தின் மேல் ஓர் இடத்தில் வைத்து லேசாக அழுத்தினாள். அவள் பிடி மணிக்கட்டில் தெரிந்தது, அங்கிருந்து மேலே எல்லாம் தெரிகிறது, கீழேதான்...

"தெரியுதா?"

ஒன்று, இரண்டு, மூன்று. "ம்," என்றான்.

அவள் பிடியைத் தளர்த்தவில்லை. விரலை அங்கேயே வைத்திருந்தாள். கஸ்தூரியம்மாள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"குழி இங்க இல்லைங்க," என்றாள். "அந்தப் பக்கம் இருக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. கை சிக்கிக்கொண்ட மாதிரி இவன் அப்படியே இருந்தான். அவளே அதை விடுவித்து அவன் மடியில் வைத்தாள், ஒரு பொருளை வைக்கிற மாதிரி, பத்திரமாக. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கொடிப் பக்கம் போனவள், முதல் துணியை உதறிப் போட்டுவிட்டு, திரும்பாமலே சொன்னாள்.

"காலைல வெந்நி வச்சுத் தரேன். அரை மணி நேரம் கைய ஊற வச்சுட்டுப் போங்க. வெளுப்புத் தெரியாது."

வெளுப்பு. அவன் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னதே இல்லை. எப்போதிலிருந்து? இசக்கி சொல்லியிருப்பானா? அவன் சொல்ல மாட்டான், அவனுடைய சுண்டுவிரலும் இதில் இருக்கிறது. அப்படியானால் இவளாகவே... கொடியில் ஒவ்வொன்றாக அவனுடைய சட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன, நீலம், கட்டம் போட்டது, ஷெட்டுக்குப் போடும் பழுப்பு, எல்லாவற்றிலும் முன்பக்கம் வரிசையாக வெள்ளி மினுக்கியது. டிச் பட்டன், அழுத்தினாலே மூடிக்கொள்ளும் ரகம். சாதாரணப் பட்டன் எல்லாவற்றையும் அறுத்துவிட்டு அவள் டிச் பட்டன் வைத்துத் தைத்திருந்தாள், இப்போது இதுதான் ஃபேஷன் என்று சொன்னாள், இவனும் நம்பினான், சுலபமாக இருக்கிறதே என்றுகூட நினைத்தான். அது எப்போது? ரம்ஜானுக்கு எடுத்த நீலச் சட்டைக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் லிஸ்ட் வருவதற்கு ஆறு மாதம் முன்பே அவளுக்குத் தெரியும். அத்தனை மாதமும் அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாளா? இல்லை, சொல்லிவிடக் கூடாதே என்று காத்திருந்தாளா? நாளைக்குப் போகாதீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று தான் எதிர்பார்த்திருந்தது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் வெந்நீர் என்கிறாள். இதற்கு வலிக்க வேண்டும். வலிக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தான், மரத்தில் குழியைத் தேடிய மாதிரியே, இங்கே, இங்கே, இன்னும் கொஞ்சம் தள்ளி... மேடும் இல்லை பள்ளமும் இல்லை. மரப்பு மணிக்கட்டோடு நின்றுவிட்டது என்றுதானே நினைத்திருந்தான்?

ஃபௌசியா கடைசிச் சட்டையை மாட்டிவிட்டு, இவன் பக்கம் பார்க்காமல் நின்றாள். இவன் போட்டிருந்த சட்டையின் மேல் பட்டன் திறந்து கிடந்தது. இரண்டு விரலை அங்கே கொண்டுபோய் வைத்து, குத்துமதிப்பாக அழுத்தினான். டிச் என்று சத்தம் கேட்டது. மூடியிருக்க வேண்டும்.