வாய்க்கால் கரைக் குப்பையில் ஒரு டாலியா

தண்டை மட்டும் போட்டாரா, கிழங்கையும் சேர்த்துப் போட்டுட்டாரா?

அல்டோனாவின் மனசுக்குள் இந்த ஒரு கேள்விதான் பம்பரமாகச் சுற்றியது. தோட்டச் சங்கமே கூடி நின்று அவளைச் சுற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் காதில் எதுவும் ஏறவில்லை. தார்ப்பாயில் பரப்பிய குப்பையில், வாடிய தக்காளிக் கொடிகளுக்கு இடையிலிருந்து பனியில் கருகிய தண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. நுனியில் விரியாமல் போன ஒரு மொட்டு. இதழ் கருஞ்சிவப்பு, கறுப்பென்றே சொல்லலாம். அந்த நிற டாலியா இந்தச் சங்கத் தோட்டத்தில் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது என்பது ஊரறிந்த சேதி. இன்னொருவரிடமும் இருக்கிறது என்பது அவளும் அவரும் மட்டும் அறிந்தது.

அடிப்பக்கம் தெரியவில்லை. கொடி மறைத்துக்கொண்டிருந்தது. குனிந்து விலக்கிப் பார்க்கக் கை பரபரத்தது. பார்த்தால் மாட்டிக்கொள்வாள்.

அன்று அக்டோபர் மாதத்துப் பொதுவேலைச் சனிக்கிழமை. தோருன் நகரத்து அடுக்குமாடிகளில் அடைந்து கிடப்பவர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டி, ஆளுக்கு ஒரு துண்டு நிலம் வைத்துப் பூவும் தக்காளியும் வளர்க்கிறார்கள். அவரவர் துண்டு கண்ணாடி மாதிரி இருக்கும். வாய்க்கால் கரை எல்லோருக்கும் பொது, அதனால் யாருக்கும் சொந்தமில்லை. அங்கே ஒரு லிண்டன் மரமும் அதன் கீழே ஒரு பெஞ்சும் உண்டு. புல்லும் களையும் வெட்டிய கிளையும் மலையாகக் குவிந்து, கோடை முடிவதற்குள் பெஞ்சு இடுப்பளவு புதைந்துவிட்டது. "இங்கே கொட்டாதீர்கள்" என்று சங்கத் தலைவர் லெஷெக் மரத்தில் பலகை மாட்டினார். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கும் அதற்குப் பிறகு வழி தெரிந்தது.

ஆகவே இன்று விசாரணை. "செடி பொய் சொல்லாது," என்று லெஷெக் அறிவித்திருந்தார். குப்பையை நீண்ட பிடி போட்ட இரும்புக் கவைமுள்ளால் அள்ளிப் பரப்புவது, எந்தச் செடி யார் தோட்டத்தது என்று பார்த்து ஆளைப் பிடிப்பது, பிடிபட்டவருக்கு எச்சரிக்கை. ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியவர் என்றால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது.

"இந்த ஃப்ளாக்ஸ் பூச்செடி யாரோடது?"

"ஹலினாவோடது," என்றாள் தெக்லா, கேட்பதற்கு முன்பே.

"என்னோடதுதான்," என்றாள் அல்டோனாவின் பக்கத்து வேலித் தோழி ஹலினா. "உன் வேலியோரம் பூத்துக் குலுங்குதே, அது எங்கேருந்து வந்துச்சு? உங்கப்பன் வீட்டுச் சீதனமா? நான் பிடுங்கிக் குடுத்ததுதானே."

"எனக்கும் குடுத்தே," என்றது ஒரு குரல். "எனக்கும்," என்றது இன்னொன்று.

ஃப்ளாக்ஸை ஒதுக்கிவிட்டு ராஸ்பெர்ரிக் குச்சிக்குப் போனார்கள். அது தெக்லா பங்கிட்டுக் கொடுத்தது. புதினா யாருடையது என்று கேட்டபோது சிரிப்புத்தான் பதிலாக வந்தது. கடைசியில் யானைக்காது மாதிரி, சிவப்புத் தண்டோடு ஒரு ருபார்ப் இலை கவைமுள்ளில் தொங்கியது.

"தலைவரே, இது உங்களோடது மாதிரி இருக்கே," என்றாள் ஹலினா.

"எங்க வீட்டு விருந்துல எல்லாருக்கும்தானே வேர் குடுத்தேன்."

"அதைத்தான் நாங்களும் அப்போலேருந்து சொல்லிட்டிருக்கோம்."

வேலிக்கு மேலாக வருஷக்கணக்கில் பதியன் கொடுத்துப் பதியன் வாங்கியவர்கள் செடியை வைத்துத் திருடனைப் பிடிக்கப் புறப்பட்டால் இப்படித்தான் ஆகும். லெஷெக்கின் முகம் ருபார்ப் தண்டைவிடச் சிவந்தது. சிலர் மதியச் சாப்பாட்டுக்காக அடுப்பில் கொதிக்கும் புளித்த முட்டைக்கோஸ் குழம்பின் பக்கம் நகரத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் தெக்லா அந்த மொட்டைப் பார்த்தாள்.

"அடியே, இது அல்டோனாவோட டாலியா."

எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

அல்டோனா அந்தச் செடியை யாருக்கும் கொடுத்ததில்லை. ஹலினா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். கருமி என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். ஏன் கொடுக்கவில்லை என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுத்துப் பழகிய கைக்கு, இல்லை என்று சொல்ல ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது போல.

பிறகு இந்த வருஷம் மே மாதத்தில் ஒரு நாள், செய்தித்தாளில் சுற்றிய கிழங்கோடு டிராமில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கடைசி நிறுத்தம்வரை போனாள். டிராமை ஓட்டியவர் விதோல்ட். மூலைத் துண்டுக்குப் புதிதாக வந்தவர். மனைவியை இழந்தவர். சருகை எரித்து, ஹலினாவின் கேக்கெல்லாம் புகைவாசம் அடிக்கச் செய்து, வந்த வேகத்திலேயே எச்சரிக்கை வாங்கியவர்.

"நான் வெச்சு எந்தச் செடியும் பிழைச்சதில்லைங்க," என்றார் அவர், கிழங்கை வாங்கிக்கொண்டு.

"பனி கருக்கினதும் தண்டை ஒரு சாண் விட்டு அறுங்க. கிழங்கைத் தோண்டி மணல்ல போட்டு வைங்க. அவ்வளவுதான்," என்றாள் இவள். அறுபதை நெருங்குகிற வயதில், இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டாள். டிராம் நின்றுதான் இருந்தது. டிராமைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

கோடை முழுக்க அவர் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. செடியைக் கொட்டகைக்குப் பின்னால் வைத்திருந்தார். பூத்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு மாலைவரை டிராம் வேலை, வரமாட்டார்.

மொட்டாவது விட்டிருக்கிறது. ஆனால் கிழங்கு?

லெஷெக் கவைமுள்ளால் தண்டைத் தூக்கினார். தக்காளிக் கொடி சரிந்து விழுந்தது. அடிப்பக்கம் கத்தியால் அறுத்த அறுப்பு, வெண்ணெயை வெட்டியது போல. கிழங்கு இல்லை, வேர் இல்லை, பிடுங்கிய மண்கூட இல்லை.

அறுத்திருக்கிறார். அவள் சொன்னபடியே அறுத்திருக்கிறார். மணலுக்குள் எங்கோ அது குளிருக்கு இதமாகப் படுத்திருக்கிறது.

அல்டோனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. லிண்டன் மரத்தின் மஞ்சள் இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றுவது மாதிரி இருந்தது.

"சிரிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றார் லெஷெக். "மத்ததெல்லாம் எல்லார் தோட்டத்துலயும் இருக்கு. இது ஒண்ணுதான் ஒரே இடத்துல இருக்கு. நீங்கதான் கொட்டியிருக்கீங்க."

"அவ இன்னும் டாலியாவை அறுக்கவே இல்லையே," என்றாள் ஹலினா. "கருகி நிக்குது, இங்கேருந்தே தெரியுது பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். அல்டோனாவின் வேலிக்குள் டாலியாச் செடிகள் ஒன்றுவிடாமல் கறுத்து நின்றன. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் கூட்டத்தில் பரவியது.

"அப்போ குடுத்திருக்கா," என்றாள் தெக்லா. "யாருக்கோ குடுத்திருக்கா."

"எனக்குத் தரலை," என்றாள் ஹலினா. "வேலிக்கு வேலி இருக்கேன், எனக்குத் தரலை. அடியே, அப்படி யாருடி அந்த மகராசி?" கேட்டுவிட்டுத் தோழியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் புருவம் மெல்ல ஏறியது. "மகராசன்?"

குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. ஒருவரும் அசையவில்லை.

"அல்டோனா அம்மணி," என்றார் லெஷெக், குரலைத் தாழ்த்தி. "உங்க மேல எந்தத் தப்பும் இல்லைன்னு ஆயிடுச்சு. பேரை மட்டும் சொல்லிடுங்க. யாருக்குக் குடுத்தீங்க?"

பேரைச் சொன்னால் அவருக்கு இது இரண்டாவது எச்சரிக்கை, மூலைத் துண்டு போய்விடும். கொட்டகையும் போய்விடும், மணலும் போய்விடும். சொல்லாமல் நின்றாலோ, இத்தனை முகங்களும் இப்போது படிக்கிற மாதிரியே தினமும் அவளைப் படிக்கும். படிக்கட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கே வியப்பாக இருந்தது.

"இந்தக் குப்பை மேட்டுல நம்ம எல்லாரோடதும் இருக்கு, தலைவரே," என்றாள்.

"அது தெரியும். கேட்டது அது இல்லையே. நீங்க சொல்லலைன்னா எச்சரிக்கை உங்க பேர்லதான் விழும்."

"என் பேர்லயே போட்டுக்கோங்க."

"வாங்கினவர் பேர் என்னன்னு கேக்கறேன்."

அல்டோனா அவர் கையிலிருந்த கவைமுள்ளை மரியாதையாக வாங்கிக்கொண்டு, புதைந்து கிடந்த பெஞ்சின் பக்கம் திரும்பினாள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள் மெதுவாக. முதல் கத்தைப் புல்லைக் குத்தித் தூக்கினாள்.