காய்ந்த தரையில் ஈரம்

என் கணவருக்குப் புத்தி தடுமாறிவிட்டதாம். சொன்னது யாரோ எவரோ இல்லை, நான் பெற்ற பிள்ளை ரஞ்சன்தான். அதையும் என் சமையலறையில் உட்கார்ந்து, நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

எல்லாம் இந்தத் தரையால் வந்த வினை. சிங்கப்பூரில் வீராசாமி ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் கருங்கல் பலகை. இவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் போட்டது. மிதித்தும் துடைத்தும் கல் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. எனக்கு அது குறையாகப் பட்டதே இல்லை. தீபாவளிக்கு ஆபீஸ் நண்பர்களைக் கூப்பிட நினைத்த ரஞ்சனுக்குத்தான் கண்ணை உறுத்தியது.

கல்லுக்கு நிறமேற்றுகிற மருதப்பன் என்பவரை அழைத்து வந்தான். அவர் ஹால் மூலையில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்.

"பாருங்கம்மா, நனைஞ்சா கல்லு எவ்ளோ கறுப்பா, அழகா இருக்கு. இந்த மருந்தைப் பூசிட்டா காஞ்ச பிறகும் இப்படியே நிக்கும் லா."

ரஞ்சன் அப்போதே மயங்கிவிட்டான். மெஷின் வைத்துத் தேய்த்தார்கள், மருந்தைப் பூசினார்கள். தரை கருகருவென்று ஆனது. கூரை விளக்குகள் அதில் மிதந்தன. பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை இவர் படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கண்மணி, யாரு தண்ணியக் கொட்டுனது?"

"தண்ணி ஏதுங்க? காஞ்சுதான் இருக்கு."

இவருக்குக் கண் அழுத்த நோய். பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. வெளிச்சம் எது, நிழல் எது என்று பார்த்துப் பழகிய வீட்டில்தான் தானாக நடப்பார். காலையில் எழுந்து, சாமி மாடத்தில் திருநீறு எடுத்துப் பூசி, சமையலறைக்குப் போய்த் தன் காப்பியைத் தானே கலக்கிக்கொள்வார். அந்தக் காப்பியை என்னைக்கூடத் தொட விடமாட்டார்.

அன்றைக்குக் கைலியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளத்தில் இறங்குகிற மாதிரி ஒரு காலை வைத்தார். சுவரைத் தடவிப் பாதி தூரம் போனார். பிறகு பயந்து திரும்பிவிட்டார். அதற்கப்புறம் அறையை விட்டு வரவே இல்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த காப்பியை அப்படியே வாங்கிக் குடித்தார்.

இதைத்தான் ரஞ்சன் புத்தித் தடுமாற்றம் என்கிறான்.

"காஞ்ச தரையில தண்ணி நிக்குதுங்கிறாரு, கைலியத் தூக்கிக்கிறாரு. மெமரி கிளினிக்ல அப்பாயிண்ட்மென்ட் எடுத்துட்டேன்மா. பகல்ல பாத்துக்கிற சென்டர் ஒண்ணும் விசாரிச்சு வச்சிருக்கேன்."

இவர் அறைக் கதவு திறந்தே கிடந்தது; பேசுவதெல்லாம் இவர் காதில் விழும். எனக்கு வந்ததே கோபம்!

"ஏன்டா, கல்லு எப்பவும் நனைஞ்ச மாதிரியே இருக்கணும்னு காசு குடுத்தது யாரு? நீதானே? நீ வாங்கிப் பூசுன ஈரம்தான் அவர் கண்ணுக்குத் தெரியுது. பூசுனவன் தெளிவு, பார்த்தவர் பைத்தியமா? நல்லா இருக்கு லா உங்க நியாயம்!"

"அத்தை, கொஞ்சம் மெதுவா..." என்றாள் மருமகள் மோகனப்பிரியா.

"உன் புருஷன் பேசறப்ப சொல்லியிருக்கணும் அத."

ரஞ்சன் தலையைச் சொறிந்தான். "சரிம்மா, தீபாவளி முடியட்டும், ஏதாச்சும் பண்ணலாம். அதுவரைக்கும் அப்பா ரூம்லயே இருக்கட்டுமே."

ரூம்லயே இருக்கட்டுமாம். ஆயுசு முழுக்க உழைத்து வாங்கிய வீட்டில்!

அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்தேன். பொங்கலுக்கு மாக்கோலம் போடுகிற துணியை அதில் நனைத்து, படுக்கையறை வாசலில் குனிந்தேன். புள்ளியும் இல்லை, சிக்கும் இல்லை. இரண்டு பாதம் அகலத்துக்கு ஒரே பட்டை. வாசலிலிருந்து சாமி மாடம், அங்கிருந்து சமையலறை.

"அம்மா! புதுத் தரைம்மா!"

"தள்ளி நில்லு."

மாக்கோலம் ஈரமாக இருக்கையில் மங்கலாகத்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டேன்.

அன்றைக்குப் போலவே கைலியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"கோலம் வெளுத்துடுச்சே," என்றார். "அப்ப தரை காஞ்சுதான் இருக்கு."

கையிலிருந்த கைலியை விட்டார். அது கணுக்காலில் விழுந்தது. சுவரைத் தொடாமல் நடந்தார். மாடத்தில் திருநீறு பூசிக்கொண்டார். சமையலறைக்கு வந்து, ரஞ்சனைக் கொஞ்சம் விலகச் சொல்லிவிட்டுக் காப்பித்தூள் டப்பாவை எடுத்தார்.

"கிளினிக்கு என்னைக்குன்னு சொல்லுப்பா, வர்றேன். முதல்ல நீ காட்டிக்க."

மோகனப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். ரஞ்சன் முகம் சிவக்க, கைப்பேசியில் மருதப்பனைக் கூப்பிட்டு, பூசியதை நீக்க முடியுமா என்று கேட்டான். தீபாவளிக்கு அப்புறம்தான் ஆள் வருமாம்.

வரட்டும். அதுவரை என் பட்டையில் ஒருவரும் துடைப்பத்தை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆபீஸ் விருந்தாளிகள் அதைத் தாண்டிப் போகட்டும்.