இறுகிப்போன சக்கரம்

சக்கரம் சுற்றவில்லை என்றதும் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது மோட்டர் மேல் இல்லை, என் வீட்டுக்காரர் மேல்.

வராமல் என்ன செய்யும்? கிளினிக்குகளில் எடுக்கும் ரத்த மாதிரிகளை லேபுக்குக் கொண்டு சேர்ப்பது என் வேலை. நாள் முழுக்க எலக்ட்ரிக் பைக்கில் அலைச்சல். அது அவருக்குப் பிடிக்காது. முந்தின நாள் சண்டையில், "வண்டி இருந்தாத்தானே போவே?" என்று வாய்விட்டே சொன்னார். விடிந்து வாசலில் ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறேன், 'டக்'கென்று ஓர் உதறல், மோட்டரை உள்ளேயே வைத்திருக்கும் பின்சக்கரம் இறுகிவிட்டது. லேப் மேனேஜரோ, "நாளைக்கும் வண்டி இல்லைன்னா அந்த ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரரே வந்து சக்கரத்தைக் கழற்றினார். சக்கரம் மாட்டும் இடத்தைக் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கோளாறு மோட்டருக்குள்ளதான். சாயங்காலம் நானே பிரிச்சுப் பாக்குறேன். உன் தம்பியைக் கூப்பிடாதே."

என் தம்பி எலக்ட்ரிக் சைக்கிள் கடையில் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக். அவனைக் கூப்பிடாதே என்றால் என்ன அர்த்தம்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதானே! இவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், எந்த ஒயரைத் தொட்டால் எது நிற்கும் என்று தெரியாதவரா? அவர் படியிறங்கியதும் தம்பிக்குப் போன் போட்டேன்.

சாயங்காலம் அவர் வேலையிலிருந்து திரும்பியபோது தம்பி கூடத்தில் பழைய போர்வையை விரித்து, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா மச்சான்" என்று இழுத்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை.

"மாமா, இதைப் பாருங்க. மெதுவாச் சுத்தினா விடுது, வேகமாச் சுத்தினா பிடிக்குது. பேரிங்னா கரகரங்கும். மோட்டருக்குக் கரண்ட் விடுற கன்ட்ரோலர்னா, இப்ப ஒயரைக் கழட்டியாச்சே, லேசாச் சுத்தணும். உள்ளே ஒயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு."

"தானா ஒட்டுமா, யாராச்சும் ஒட்ட வைக்கணுமா?" என்றேன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"ரெண்டும் நடக்கலாம்க்கா."

"போதும் மச்சான், வச்சிட்டுப் போ. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, கண்ணால் பார்த்தேன்.

"நீங்க தள்ளி நில்லுங்க. டேய், நீ பிரிடா."

மோட்டர் மூடியைச் சுற்றியிருந்த ஸ்குரூக்களில் ஒன்று அசையவே மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டி எடுத்தான். பிறகு அச்சின் நுனியை மரக்கட்டையில் வைத்து மேலிருந்து அழுத்தினான். "கையை எடுக்கா, காந்தம் விரலை நசுக்கிடும்." அடம்பிடித்து, கடைசியில் ஒரே உதறலில் உள்பாகம் வெளியே வந்தது. உள்ளே தண்ணீர் இல்லை, துரு இல்லை. காந்தங்கள் வரிசை கலையாமல் இருந்தன. அச்சுக்குள் ஒயர்கள் நுழையும் இடத்தில் மட்டும், துணியைப் பிழிந்ததுபோல மூன்றும் முறுக்கிக்கொண்டு, மேலுறை கிழிந்து, செம்பும் செம்பும் ஒட்டிக் கிடந்தன.

குட்டு வெளிப்பட்டது என்று எனக்கு ரத்தம் கொதித்தது. "பாத்தியாடா? பெண்டாட்டி வீட்டோட கிடக்கணும்னு உங்க மாமா பண்ணின வேலை! கட்டினவ பொழப்பிலேயே கை வைக்கிற மனுஷன்கூடத்தான் நான் குடும்பம் நடத்துறேன்."

தம்பி ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையால முறுக்கினது இல்லக்கா. அச்சே சுத்தியிருக்கு. அச்சு சுத்தாம இருக்க ரெண்டு பக்கமும் பல் வச்ச வாஷர் போடணும். அதைப் போடாம மாட்டினா இப்படித்தான்..."

"மாட்டினது யாரு? கேளு, உங்க மாமாவையே கேளு!"

"நான்தான்க்கா." அவன் குரல் இறங்கிவிட்டது. "போன வாரம் ட்யூப் மாத்தினது நான்தானே."

"விடு மச்சான். கை மறதி, எல்லாருக்கும் வரும்" என்றார் அவர். "கடையில சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலை. உன் அக்கா முன்னாடி உனக்கு இது வேணாம்னுதான் பாத்தேன்."

என் மூக்கு உடைந்தது. காலையில் அவர் தடவிப் பார்த்தது, அச்சு சுற்றித் தேய்ந்துபோன அந்த இடத்தை.

இருவரும் சேர்ந்து ஒயர்களைப் பிரித்து, புதுத் துண்டு வைத்து ஒட்டி, உறை போட்டு மூடினார்கள். சக்கரம் லேசாகச் சுற்றியது. வழியில் வாங்கி வந்த வாஷர்களை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தம்பி என் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனான்.

வாசலில் வண்டியில் சக்கரத்தை மாட்டி, வாஷர்களையும் போட்டுவிட்டு, ஸ்பானரை என்னிடம் நீட்டினார்.

"நட்டை நீயே முடுக்கு."

"நீங்களே முடுக்குங்க. தப்புத்தாங்க, மன்னிச்சிடுங்க."

"வேணாம்மா. நான் முடுக்கினா நாளைக்கு நீ நம்பி ஏற மாட்டே."

அவர் குரலில் கோபமே இல்லை. ஸ்பானரை என் கையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். என் பலத்தையெல்லாம் போட்டு முடுக்கினேன். சரியாக இறுகியதா என்று பார்க்கச் சொல்லி உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை.