செல்லூருக்கு வந்த கல்

உலகத்தை அழிக்க வந்த கல், செல்லூரில் கைலாசநாதன் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே தென்னை உயரத்தில் வந்து நின்றது. பங்குனி மாதம், காலை ஏழேகால். ஷேர் ஆட்டோ அளவுதான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு மலைத்தொடரின் எடை அடங்கியிருப்பதாகவும், தரையைத் தொட்டால் மனித இனத்தில் ஒருவர்கூட மிஞ்சமாட்டார் என்றும் அதிகாரிகள் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் அப்படித்தான் இருந்தது. சமயநல்லூரில் ஒரு போர்வெல்லுக்குள் கடல் வந்து அலையடித்தது. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பெயரில்லாத காய்ச்சல் ஒன்று உட்கார்ந்து ஆள் பார்த்துக்கொண்டிருந்தது. மேலூர்ப் பக்கம் கூடுதலாக உதித்த சூரியன் வயலிலேயே நெல்லைப் பொரித்தது. இருந்தாலும் கல்லுக்கு இருந்த மவுசு வேறெதற்கும் இல்லை.

எதிர்வீட்டுக் கண்ணுச்சாமிக்கு வயிறு எரிந்தது. ஆறு விசைத்தறி ஓட்டுகிறவர், தெருவில் முதன்முதலில் சுவருக்கு கிரானைட் ஒட்டியவர். அப்பேர்ப்பட்ட வீட்டை ஆட்டோக்காரர்கள் ‘கல்லு வீட்டுக்கு எதிர்வீடு’ என்று சொன்னால் யாருக்குத்தான் தாங்கும்? கைலாசநாதனோ பேங்கில் குமாஸ்தா. கலெக்டர் அவர் வீட்டில் காப்பி குடித்தார். அக்கினி நட்சத்திரத்திலும் அந்த மாடியில் மட்டும் நிழல். கண்ணுச்சாமி தினமும் பல் விளக்கும்போது கல்லைப் பார்த்துப் பார்த்துப் பொருமினார். பார்க்கப் பார்க்கக் கல் அவர் பக்கமாக வாரம் ஒரு சாண் நகர்ந்தது. மூன்றாம் வருஷம் சரியாக அவர் மாடிக்கு மேல் வந்து நின்றுவிட்டது.

இப்போது ஊர்க்கண் மொத்தமும் அவர் வீட்டின் மேல். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கண்ணுச்சாமி நடுங்கிப்போய், பெரிய பூசணிக்காயாக வாங்கிச் சூடம் ஏற்றி, வீட்டையும் கல்லையும் சேர்த்துச் சுற்றி முச்சந்தியில் உடைத்தார். நன்றாகத்தான் உடைத்தார். ஊரில் இருந்த பொறாமையெல்லாம் அந்தக் காயோடு போயிற்று. மறுநாளே கல் ஒரு முழம் இறங்கியிருந்தது.

தெருவில் பிசிக்ஸ் டியூஷன் எடுக்கும் சூரியபிரகாஷுக்குத்தான் விஷயம் புரிந்தது. “அண்ணே, இத்தன நாளும் அதத் தாங்கிப் பிடிச்சதே பொறாமைதான். மொதல்ல உங்க கண்ணு, அப்பறம் ஊர்க்கண்ணு. எல்லாத்தையும் நீங்களே சுத்திப் போட்டுட்டீங்க” என்றார்.

கண்ணுச்சாமி பத்துப் பவுன் சங்கிலியைச் சட்டைக்கு வெளியே போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். எல்லோரும் “நல்லா இருங்க” என்று மனதார வாழ்த்தினார்கள். கல் இறங்கியது. வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கொஞ்சம் வயிறெரிங்கண்ணே. உங்க கல்லத்தானே இழுத்துக்கிட்டேன்?”

“நீ நல்லா இருந்தா எனக்குச் சந்தோசம்தானப்பா” என்றார் கைலாசநாதன். கண்ணை மூடி முயன்றும் பார்த்தார். பாவம், வரவில்லை.

நாற்பதாம் நாள் கல் தண்ணீர்த் தொட்டியை நசுக்கியது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த கண்ணுச்சாமியின் மனைவி தங்கப்பொண்ணு துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுச்சாமி ஓடிவந்து அவள்மேல் கவிழ்ந்து, முதுகைக் கல்லுக்குக் காட்டிக்கொண்டு, “எம்மேல விழு, அவள விடு” என்று கத்தினார். எதிர்மாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கைலாசநாதன், “நம்ம கையில என்ன இருக்கு? வா, காப்பி போடு” என்று பக்கத்தில் நின்ற மனைவி ஸ்யாமளாவைக் கூப்பிட்டார்.

ஸ்யாமளா நகரவில்லை. “முப்பது வருசத்துல எம்மேல உக்காந்த ஒரு கொசுவ நீங்க வெரட்டியிருக்கீங்களா?” என்றாள். அந்த மூன்று வருஷமும் கல்லுக்காக ஒரு நாள்கூட ஆசைப்படாதவள்தான். அப்போது அவளுக்கு வந்தது சாதாரணப் பொறாமை இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. கல் நின்றது. பிறகு மெல்ல மேலேறியது.

உலகம் இப்போது ஸ்யாமளாவை நம்பித்தான் இருக்கிறது. தெருக்காரர்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதன்படி கண்ணுச்சாமி தினமும் சாயங்காலம் தங்கப்பொண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஸ்யாமளா வாசலில் நிற்கும் நேரம் பார்த்து, வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் காற்று வாங்கப் போய்வருகிறார். கல் ஒழுங்காக நிற்கிறது. அதன் நிழலில் துணி காயாது என்பதைத் தவிர யாருக்கும் குறையில்லை.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என்ன தோன்றியதோ, கைலாசநாதன் ஸ்கூட்டரைத் துடைத்துவைத்துவிட்டு, “ஸ்யாமளா, கெளம்பு. நாமளும் தெப்பக்குளம் போயிட்டு வருவோம்” என்றார். அவள் கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள். அவர் தோளில் கை வைத்தாள். கல் மளமளவென்று இறங்க ஆரம்பித்தது. தெருவே ஓடிவந்து ஸ்கூட்டரை மறித்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைலாசநாதன் வழக்கம்போல யாருக்கும் இல்லையென்று சொல்ல மாட்டாமல், “சரி, இன்னொரு நாளைக்குப் போய்க்கலாம். எறங்கு” என்றார்.

ஸ்யாமளா இறங்கினாள். கல் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.