ஈரம் பட்ட இணைப்பி

சுதர்ஷினிக்கு அது ஆறாவது தோல்வி. நானுஓயாவுக்கு மேலே இருந்த ஆய்வுக்கூடத்தில் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல் தகட்டை விளக்கின் மேல் வைத்துப் பார்த்தாள். வழக்கம்போல இரண்டு பட்டைகள், தனித்தனியாக. இரண்டும் சேர்ந்திருந்தால் அவற்றுக்கு மேலே மூன்றாவதாக ஒன்று தெரிய வேண்டும். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

தேயிலையில் கொப்புள நோயை உண்டாக்கும் பூஞ்சையின் புரதம் ஒன்று, இலையின் புரதம் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவளுடைய எண்ணம். அந்தப் பிடி நிலைக்காது. சோதித்துப் பார்ப்பதற்குள் விட்டுப்போகும். விடுவதற்கு முன் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடத்தான் இணைப்பி என்ற வெள்ளைத் தூள். வெளிநாட்டிலிருந்து வந்துசேர நான்கு மாதம் எடுத்தது. வந்தது இரண்டே குப்பிகள்.

பேராசிரியை இசபெல் தகட்டின் ஆறாவது படத்தையும் பார்த்துவிட்டு, அந்தப் புரதங்கள் உண்மையில் சேர்வதே இல்லையோ என்று கேட்டார். சுதர்ஷினி கொட்டகலை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே கரைசல், இலை, நேரம் என்று ஒவ்வொன்றாக மனதில் சரிபார்த்தாள். எதிலும் குறை தெரியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கே போய்விட்டாள். ஜன்னல் திறந்திருந்தது, பனிமூட்டம் மேசைவரை வந்திருந்தது. ஆய்வுக்கூட உதவியாளர் மிலான், ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த குப்பியைத் திறந்து தூளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார். குப்பி முழுக்க வியர்த்திருந்தது.

“அண்ணே, எப்பயிருந்து இப்படிச் செய்றீங்க?”

“மொத நாள்ல இருந்தே மிஸ். நீங்க வந்து சேர எட்டரை ஆகுதே. நிறுத்து வச்சா ஒங்களுக்கு லேசா இருக்கும்னுதான்.”

குளிர் அடங்குமுன் குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் தூளில் படியும். ஈரம் பட்ட இணைப்பி எதையும் கட்டாது. இரண்டு மாத வேலை பாழ் என்று அவள் சத்தம் போட்டாள். மிலான் குப்பியை மூடி வைத்துவிட்டு வெளியே போனார்.

கோபம் தணிந்த பிறகுதான் உறைத்தது. குப்பியோடு வந்த குறிப்பு அவளுடைய மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. அதை அவருக்கு ஒருநாளும் அவள் சொன்னதில்லை. தேநீர் நேரத்தில் அவரைத் தேடிப்போனாள்.

“சொல்லாதது என் தப்புதாண்ணே.”



இசபெல்லிடம் நடந்ததைச் சொல்லி இரண்டாவது குப்பியை வாங்கினாள். ஜன்னலைச் சாத்தி, குப்பியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்திருந்து, பிறகு தானே நிறுத்தாள். அன்று சாயங்காலம் மூன்றாவது பட்டை தெரிந்தது. மெல்லிய கோடுதான், ஆனால் நோயுள்ள இலையில் மட்டும் இருந்தது. இசபெல் அதை நெடுநேரம் பார்த்தார். இன்னும் இரண்டு தடவை வந்தால்தான் நம்ப முடியும் என்றார்.

நோயுள்ள புது இலை பறிக்கப் போனால், தோட்டத்தில் முந்தின நாள்தான் பூஞ்சைக்கு மருந்தடித்து முடித்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் அப்படியே. ஒரு வாரம் அலைந்து வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தவளிடம் மிலான் சொன்னார்:

“நோட்டன் பிரிட்ஜ் பக்கம் காடா விட்ட தேயிலை மலை ஒண்ணு இருக்கு மிஸ். அங்க யாரும் மருந்தடிக்க மாட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை மழையில் இருவரும் போனார்கள். தலைக்கு மேல் வளர்ந்த தேயிலைக்குள் நுழைந்து, அட்டைக்கடி வாங்கி, ஒரு பை நிறையக் கொப்புளம் விழுந்த கொழுந்து பறித்துவந்தார்கள்.

இரண்டாவது தடவையும் பட்டை வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. தூளா, இலையா, தன் கையா என்று அவளுக்குத் தெரியவில்லை. சோதித்துப் பார்க்கக் குப்பியில் ஒரு துகளும் மிச்சமில்லை. புதுக் குப்பிக்கான படிவத்தில் இசபெல் கையெழுத்துப் போட்டார். மறுபடி நான்கு மாதம்.

மிஞ்சிய இலையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீசரில் அடுக்கினாள். மிலான் ஒவ்வொன்றிலும் தேதி எழுதிக் கொடுத்தார்.