முட்டி போடக் கூடாத இரண்டு நாள்

டைல்ஸ்காரரின் வலது முட்டி தேய்ந்துபோய் ஒன்றரை வருஷமாகிறது. தெருவுக்கே தெரியும், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். படியிறங்கும்போது பாதியில் நின்று செல்போனை எடுத்துப் பார்ப்பார். போன் பாதி நாள் அணைந்தே கிடக்கும்.

நூலகத்தின் பெரிய கூடத்துக்குத் தரை போடும் வேலை வந்தது. அவ்வளவு பெரிய வேலையை அவர் பார்த்து ஐந்து வருஷமாகிவிட்டது. விடக்கூடாது என்றிருந்தார். ஆனால் அதே தொழிலில் இருக்கும் மச்சினனும், அதாவது மனைவியின் தம்பியும், அதற்குத்தான் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

கான்ட்ராக்டர் யாருக்கும் நோகாமல் பேசினார். "வியாழக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. ஆளுக்கு ஒரு வரிசை ஒட்டிக் காட்டுங்க. யாரு முட்டி தாங்குதோ அவருக்கு வேலை."

மச்சினன் நாலு வயது இளையவன். வாய் மட்டும் நாலு பேருக்கு உண்டு. "மாமா இனிமே நின்னு மேற்பார்வை பாக்கலாமே, பாவம்" என்று போகிற இடமெல்லாம் அக்கறையைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

முட்டியில் ஊசி போட்டால் மறுநாளே ஓடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, புதன்கிழமை டைல்ஸ்காரர் எலும்பு டாக்டரிடம் போனார். பசை வாங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார். அங்கே ஒரு நாற்காலிதான் காலி. அதற்குப் பக்கத்து நாற்காலியில் மச்சினன்.

"என்ன மாமா, இங்க?"

"ஃப்ரெண்டு ஒருத்தனப் பாக்க வந்தேன். நீ?"

"நானும்தான்."

இருவரும் போட்டிருந்தது தொடைவரை சுருட்டத் தோதான தொளதொள கால்சட்டை. அதை இருவரும் பார்த்தார்கள். பிறகு சுவரிலிருந்த எலும்புப் படத்தை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்தார்கள்.

"வலது முட்டி ஊசி யாருங்க?" என்றாள் நர்ஸ். டைல்ஸ்காரர் எழுந்து போனார். வேறென்ன செய்ய?

படுக்கையில் படுத்தபடி கீழே பார்த்தார். மூலை டைல் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. எவன் போட்டானோ என்று மனசுக்குள் திட்டி முடிப்பதற்குள் டாக்டர் முட்டியைத் துடைத்து மருந்தை ஏற்றிவிட்டார். ஹயலுரானிக் ஆசிட் என்ற ஜெல்லாம்.

"மூட்டுக்குள்ள வழவழப்பு நீர்த்துப் போச்சு. அதுக்கு இது கைகொடுக்கும். தேஞ்ச குருத்தெலும்பு இதனால வளராது."

"நாளைக்கு முட்டி போடலாமா டாக்டர்?"

"ரெண்டு நாளைக்குக் கூடவே கூடாது. பலன் தெரியவே சில வாரம் ஆகும். சிலருக்கு ஆறு மாசம் நல்லாருக்கும். சிலருக்கு ஒண்ணுமே தெரியாமப் போறதும் உண்டு."

டைல்ஸ்காரருக்கு மறுநாள்தான் போட்டி. ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை, வெளியே உட்கார்ந்துகொண்டார். இடது முட்டி ஊசிக்குக் கூப்பிட்டதும் உள்ளே போன மச்சினன், கால் மணி நேரத்தில் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"ஃப்ரெண்டு எப்படி இருக்கான்?"

"ரெண்டு நாள் முட்டி போடக் கூடாதாம் மாமா."

"என் ஃப்ரெண்டுக்கும் அதேதான்."

ஒருவர் போட்டுக்கொடுத்தால் மற்றவர் வாயும் சும்மா இருக்காது.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"உன் அக்காகிட்ட நானே என் கதையச் சொல்லல. கூடத்து சிமெண்ட் தளம் இன்னும் ஈரமா இருக்கு, டைல் ஒட்டாதுன்னு கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிப் பாக்கலாமா?"

"நீங்க சொன்னா நம்ப மாட்டாரு. நான் சொன்னாலும் நம்ப மாட்டாரு."

"ரெண்டு பேரும் சொன்னா?"

மறுநாள் காலை நூலகக் கூடத்தில், இருபது வருஷமாக எந்தத் தரையைப் பற்றியும் ஒத்துப்போகாத இருவர் ஒரே குரலில் ஈரம் என்றார்கள். தளம் காய்ந்து ஒரு வாரமாகியிருந்தது.

"தொட்டுப் பாத்தீங்களா?" என்றார் கான்ட்ராக்டர்.

"வெறுங்கால வெச்சுப் பாருங்க சார், சில்லுன்னு இருக்கும்" என்றார் டைல்ஸ்காரர்.

கான்ட்ராக்டர் குனிந்து தன் புது ஷூவின் முடிச்சுகளைப் பார்த்தார். அவிழ்க்க மனமில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா உண்மையாத்தான் இருக்கணும். சனிக்கிழமை வாங்க" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "இவ்வளவு ஒத்துப்போறவங்களுக்குப் போட்டி எதுக்கு? சேந்தே போட்டு முடிங்க."

பாதி வேலை, பாதிக் கூலி. டைல்ஸ்காரர் முகம் சுளிக்கவில்லை. மச்சினன் முந்திக்கொண்டு தலையாட்டினான்.

சனிக்கிழமை இருவரும் தடித்த முட்டி மெத்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வலி பழையபடியேதான் இருந்தது. டாக்டர் சொன்ன வாரங்கள் இன்னும் வரவில்லை. அரை மணிக்கொரு தரம் ஒருவரையொருவர் பார்த்து, ஒன்றாக எழுந்து நின்றார்கள். கான்ட்ராக்டர் கேட்டால் லெவல் பார்ப்பதாகச் சொன்னார்கள்.