சுத்தமான நிலம்

காட்டை யாரும் உழுவதில்லை, உரம் போடுவதில்லை, பெருக்குவதும் இல்லை. ஆனாலும் அது பாட்டுக்குக் காய்க்கிறது. அந்தச் சூட்சுமத்தை வயலுக்குக் கொண்டுவருவதுதான் என் தொழில். மேலே உயர மரம், அதன் நிழலில் பழமரம், அதைப் பிடித்து ஏறும் மிளகுக்கொடி, காலடியில் கிழங்கு. உதிர்கிற இலைதான் எல்லோருக்கும் சாப்பாடு.

இதற்குத் தன் ஒரே வயலைத் தூக்கிக் கொடுத்தவன் என் தம்பி. எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். இப்படி விளைந்ததை நல்ல விலைக்கு வாங்கும் இயற்கை விவசாயச் சங்கம் போன தடவை நிலத்தை ஏற்கவில்லை. அவன் மனைவிக்குத்தான் பொறுமை தீர்ந்துவிட்டது.

"அண்ணி, இந்தத் தடவையும் சங்கத்துல ஏத்துக்கலைன்னா எல்லாத்தையும் வெட்டிட்டுப் பழையபடி சோளம்தான்," என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். தம்பியும் தலையாட்டிவிட்டான்.

சங்கத்துப் பரிசோதகர் வரும் நாள் தெரிந்ததும் அவனுக்குப் போன் செய்தேன். "நிலம் சுத்தமா இருக்கணும்டா. அந்தம்மா முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க."

எங்கள் தொழிலில் சுத்தம் என்றால் பூச்சிமருந்து படாதது.

"நீ கவலைய விடுக்கா," என்றான்.

போய் இறங்கிப் பார்த்தேன். வீட்டு முற்றம் மாதிரி பெருக்கி வைத்திருந்தான். களை இல்லை, சருகு இல்லை. மட்கட்டும் என்று நான் போட்டு வைத்த கட்டைகளும் இல்லை. மூலையில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றான். ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றுதான் கிட்டே போனேன். அவன் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

பரிசோதகர் குனிந்து வெறும் தரையைத் தொட்டுப் பார்த்தார். "இலையெல்லாம் எங்க?"

"எரிச்சுட்டேங்க. நீங்க வர்றீங்கன்னுதான்."

அவரைத் தனியே கூட்டிப்போய் நடந்ததை நான் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"புரியுதும்மா. ஆனா சருகு எரிச்ச நிலத்தை ஏத்துக்க எங்களுக்கு விதி இல்ல," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

 தம்பி மனைவி அரிவாளை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தம்பி மரங்களுக்கு நடுவே ஒரு சுற்றுப் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தான்.

"ஏன்க்கா, எங்கயாவது விட்டுட்டேனா?"

"இல்லடா. ஒரு இலைகூட விடல," என்றேன்.